விரிசல் விடாத கவசம்

முதுகு போனதும் குன்வோருக்கு மர ஆலை வேலையும் போயிற்று. அதன்பிறகு சுவீடனின் வடக்கே, லூலியோ நகரத்து அடுக்குமாடி வீட்டில் அவளும் கணினியும்தான். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டில் அவளுக்கென்று ஒரு கொல்லுப்பட்டறை. சண்டைக்குப் போகமாட்டாள். தாதுக்களை உருக்கிக் கலந்து, வருகிறவர்களுக்குக் கவசம் அடித்துக்கொடுப்பாள்.

ஞாயிறு தவறாமல் ஹில்டிங் வருவான். தெற்கே எங்கோ இருப்பவன். முகம் தெரியாது, காதில் குரல் மட்டும் கேட்கும்.

“கொல்லரக்கா, போன வாரம் குடுத்தது விரிசல் விட்டுடுச்சு. அதுக்கு முந்தினது ஒரே கனம், குதிரை என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுது.”

“கருந்தாது அடர்த்தியானது தம்பி. தகடு அதே அளவுதான், எடை மட்டும் ஏறிடும். நுரைத்தாது கலந்தா லேசாகும், ஆனா அடி தாங்காது. ரெண்டுல எது வேணும்?”

“ரெண்டும்!”

“ஆசையப் பாரு!”

உலை காயும்வரை அவன் ஒழுகும் கூரையைப் பற்றியும், செருப்பைத் தின்ற நாயைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பான். அதைக் கேட்டபடி சாப்பிடவே சனிக்கிழமை ஏலக்காய் ரொட்டி வாங்கிவைப்பாள்.

ஒருநாள் நுரைத்தாதுவில் கருந்தாதுவைக் கொஞ்சமாகச் சேர்த்து, பிடிமானத்துக்கு வெள்ளீயம் விட்டுப் பார்த்தாள். தகடு லேசாக இருந்தது. சம்மட்டியால் எத்தனை அடித்தும் விரிசல் விடவில்லை. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது: இது கெட்டுப்போகாது, அவன் இங்கே வரவேண்டிய தேவையும் இருக்காது.

பழைய கலவையிலேயே அடித்துக்கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஞாயிறுவரை அந்த நினைப்போடு இருந்தாள். அவன் குரலைக் கேட்டதும் புதியதையே எடுத்துக்கொடுத்தாள். அவன் கூச்சலிட்டுக்கொண்டு குதிரையை விரட்டினான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, காபி ஆறிப்போனது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மற்றவர்கள் வாய் திறக்காமல் வாங்கிப் போனார்கள்.

கடைசியில் பட்டறையைப் பூட்டிவிட்டு, படைகள் போகும் மலைக்கணவாய்க்கு நடந்தாள். ஹில்டிங் கூட்டத்தோடு வந்தான்.

“ஏய், நம்ம கொல்லரக்காடா! பாருங்க, ஒரு கீறல் இல்ல!”

“ஒண்ணும் ஆகலைன்னாலும் வரலாமே தம்பி. சும்மா பேசிட்டுப் போயேன்.” அப்படிக் கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“கண்டிப்பாக்கா! இந்தச் சண்டை முடியட்டும்.”

புழுதி அடங்கும்வரை நின்றாள். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். சொன்னது அவன் நினைவில் நிற்காது என்பதும் தெரியும்.

திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் நின்றான். குரல் வரவில்லை, கேடயம் வேண்டும் என்று திரையில் எழுத்தில் கேட்டான். குன்வோர் உலையை மூட்டினாள்.