சம்பந்தி வீட்டுக்கு ஒரு சிவப்பு ஒயின்

சம்பந்தி வீட்டார் ஆசையாகக் கொண்டுவந்த ஒயினை, அவர்கள் கண் முன்னாலேயே வாஷ்பேசினில் கவிழ்த்தவன் நான்.

இந்தப் பத்தியில் ஊரார் குணங்களையெல்லாம் வாரா வாரம் கிண்டல் செய்கிறேன். என் குணத்தைப் பற்றி ஒரு வாரமாவது எழுத வேண்டாமா?

என் மகள் கவிதா விரும்பித் திருமணம் செய்துகொண்டது ஜெரால்டை. எங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பையன். நான் தடை சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு! முதல் கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி ஆரோக்கியசாமியும் அவர் மனைவி மேரியம்மாவும் திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேக், முறுக்கு... கூடவே ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் கருஞ்சிவப்பாக ஏதோ.

"வூட்லயே போட்ட ஒயினுங்க" என்றார் சம்பந்தி.

பக்கத்தில் எங்கள் உறவுக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தேன். முகத்தைச் சுளித்தேன். "மலையடிவாரத்து வீடுங்க இது. இதெல்லாம் உள்ள வரக்கூடாது" என்று சொல்லி, நேரே போய்க் கவிழ்த்துவிட்டேன்.

இத்தனைக்கும் நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். மன்னனும் புலவனும் சேர்ந்து கள் அருந்தும் பழைய பாட்டுகளை ரசித்து ரசித்துப் பாடம் சொன்னவன். பாட்டில் இருந்தால் இலக்கியம், பாட்டிலில் இருந்தால் அசிங்கம் — என்ன நியாயமோ!

அவர்கள் சண்டை போடவில்லை. காபி குடித்தார்கள், கிளம்பினார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் வாசற்படி ஏறவில்லை. கல்யாண மண்டபங்களில் பார்த்தால் கும்பிடுவார்கள். பேரன் பிறந்த நாளைக் கவிதா அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டாகக் கொண்டாடினாள். கார்த்திகை தீபத்தன்று எங்கள் மொட்டை மாடியில் உறவுக்காரர் கூட்டம் நிரம்பி வழியும். தீபம் ஏறும்போது கவிதா மட்டும் மலையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடமும் அதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் சம்பந்திகளின் கல்யாண நாள் வந்தது. கொட்டியதற்குப் பதில் ஒரு பாட்டில் நல்ல சிவப்பு ஒயின் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, கையோடு தீபத்துக்கும் அழைத்துவிட முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். வாங்குவது?

நம் ஊரில் எல்லா மதுக்கடைக்கும் ஒயின்ஷாப் என்றுதான் பெயர். ஒயின் ஒன்றைத் தவிர எல்லாம் இருக்கிறது! தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று கேட்டேன்.

"ஒயினா? டாக்டர் சொன்னாரா பெரியவரே?"

"ஆமாப்பா" என்றேன். எழுபதைத் தாண்டியும் பொய் கூசாமல் வருகிறது.

"அதெல்லாம் இங்க போவறதில்ல. செவப்பாதான வேணும்? ரம் எடுத்துக்கினு போங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் மாடியில் இசபெல் என்ற பிரெஞ்சு அம்மாள் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார். பிரான்ஸ்காரருக்கு ஒயின் தெரியாமலா போகும்? படியேறிப் போய்க் கேட்டேன்.

"சார்! நான் அதையெல்லாம் விட்டுட்டுத்தான் இந்த மலைக்கு வந்தேன். நீங்க இந்த வயசுல ஆரம்பிக்கறீங்களா?"

கதையைச் சொன்ன பிறகுதான் இரங்கினார். "இனிப்பா வாங்காதீங்க, அது குழந்தைங்களுக்கு. நல்ல ஒயின்னா துவர்க்கணும். 'டிரை ஒயின்'னு கேளுங்க."

சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடையில் அதேபோல் கேட்டு வாங்கினேன். இரண்டு வேட்டிகளுக்கு நடுவே சுருட்டிவைத்துக் கொண்டுவந்தேன்.

புறப்படும் நாளன்று என் மனைவி சரோஜா வழி மறித்தாள்.

"ஏங்க, வெறும் பாட்டில அப்படியே தூக்கிக்கினு போவீங்களா? சம்பந்தி வூட்டுக்குப் போறோம். மொறைனு ஒண்ணு இருக்குதில்ல?"

தாம்பாளம் வந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப் பூ. நடுவில் பாட்டில். அதன் கழுத்தில் மஞ்சளும் குங்குமமும்! எந்த நாட்டு ஒயினுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

சேத்துப்பட்டில் தட்டைச் சம்பந்தி கையில் கொடுத்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்பு சம்பந்தி. மன்னிச்சிக்கங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"எனக்கு எதுக்குங்க இது? நான் கையால தொடறதில்ல. அன்னிக்குக் கொண்டாந்தது மேரி போட்டதுங்க. திராட்சை வாங்கி, ஜாடில ஊற வச்சி, தெனம் கெளறி... பொண்ணு குடுத்தவங்களுக்குனு தனியா எடுத்து வச்சா."

இத்தனை வருடங்களில் அது யார் கையால் ஆனது என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. சம்பந்தி என்றால் ஆண். தப்பும் ஆணிடம்தான், மன்னிப்பும் ஆணிடம்தான்!

மேரியம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

அவரே பேசினார். "கொட்னதுகூட பரவால்லீங்க. மோந்து பாத்துட்டு மூஞ்சிய சுளிச்சீங்க பாருங்க... கெட்டுப்போனத கொண்டாந்து குடுத்துட்ட மாதிரி. அதாங்க தாங்கல."

"வாசனை நல்லாத்தாம்மா இருந்துது" என்றேன். "பக்கத்துல நின்னவங்களுக்காகச் சுளிச்சேன்."

அதுதான் உண்மை. சரோஜாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

மேரியம்மா தட்டை வாங்கிக்கொண்டார். பாட்டிலைத் திருகித் திறந்தார். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"இன்னாங்க இது, கஷாயமாட்டம் இருக்குது! காசு குடுத்தா வாங்கனீங்க?"

"நல்ல ஒயின்னா துவர்க்கணுமாம்..."

"யார் சொன்னது? பயப்படாதீங்க, நான் கொட்ட மாட்டேன். சக்கரை போட்டு வச்சிக்கறேன்."

முதலில் சிரித்தது சரோஜா. பிறகு எல்லோரும். தீபத்துக்கு அழைத்தோம். "பாக்கலாங்க" என்றார் மேரியம்மா. அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவில்லை.

போன வாரம் தீபம். மாலையில் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காணோம். மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தீபம் ஏறக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, "அத்தே!" என்று கவிதா கத்திக்கொண்டு படியிறங்கி ஓடினாள். "பஸ்ஸுல இன்னா கூட்டம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே மேரியம்மா ஏறி வந்தார், பின்னாலேயே சம்பந்தியும். மலையுச்சியில் தீபம் தெரிந்தது. கவிதா இந்த முறை மலையைத்தான் பார்த்தாள்.

கீழே வந்ததும் காபி கொடுத்தோம். மேரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க சம்பந்திம்மா, டிகாஷன் இவ்ளோ கம்மி? பாலும் தண்ணியாட்டம் இருக்குது."

சரோஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மண்டபங்களில் இத்தனை வருடமாக எங்களிடம் எல்லாவற்றையும் "நல்லா இருக்குங்க" என்று மட்டுமே சொன்னவர் அவர்.

சம்பந்தி வீட்டார் குறை சொல்கிறார்களே என்று புலம்பும் வாசகர்களே... கொடுத்து வைத்தவர்கள் ஐயா நீங்கள்!