வாக்குச்சாவடியில் கேட்ட பெயர்

தொண்ணூற்றொன்றில் மண்ணூருக்குக் குடிவந்த புதிதில், என்னோடு பேசிய ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்காதான். கணவர் ஷிப்டுக்குப் போனபின் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் எனக்கு, தண்ணீர்க் குடத்தையும் அவரே தூக்கிவந்து வைப்பார். ஊரே அவரைச் 'செல்வி அம்மா' என்றது. எனக்கு அவர் வெறும் 'அக்கா'.

குழந்தை தூங்கும்போது கதை எழுதுவேன். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கத்தான் பாடுபடுவேன், எழுதுவேன், அடிப்பேன். தேர்தல் நாளில் வரிசையில் நின்றபோது, உள்ளே அதிகாரி "பூங்காவனம்" என்று பட்டியலிலிருந்து உரக்கப் படித்தார். யாரென்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போகும் ஒரு தாயைப் பற்றி அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகான பெயரை அவளுக்கு வைத்தால் யாரும் மறக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

கதை வார இதழில் வந்ததும் பெருமையாக அக்காவிடம் கொடுத்தேன். மகள் செல்வி அவருக்குப் படித்துக்காட்டியிருக்கிறாள். மறுநாள் இதழைத் திருப்பித் தந்தார்.

"ஊர்ல வேற பேரே கெடைக்கலியாம்மா ஒனக்கு?"

"எந்தப் பேருக்கா?"

"அது எம்பேரு. கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து ஓட்டுப் போடற அன்னிக்குத்தான் அதச் சொல்லிக் கூப்புடறாங்க. நீ இன்னாடான்னா, புள்ளைய வுட்டுட்டு ஓடிப்போனவன்னு எழுதிக்கீற."

"சத்தியமா தெரியாதுக்கா."

"எப்டித் தெரியும்? நீதான் கேக்கவே இல்லியே."

அதன்பிறகும் குடத்தைத் தூக்கிவந்து வைத்தார். உட்கார்ந்து பேசுவது மட்டும் நின்றுபோனது.

ஒருநாள் அந்தக் கதையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அவர் பெயரைப் பதினேழு இடத்தில் எழுதியிருந்தேன். நேரில் ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.