அத்தைக்குப் போட்ட மாலை

எங்கள் ஊரான போடிக்குப் பெரிய மனிதர் யார் வந்தாலும் ஏலக்காய் மாலைதான். பூமாலை மறுநாளே வாடிவிடும். ஏலக்காய் மாலை மாதக்கணக்கில் மணக்கும், விலையும் அதிகம் என்பதால் போடுகிறவருக்கும் பெருமை. எங்கள் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்தைத் திறக்கக் காரில் வந்தவருக்குத் தொப்புள் வரை தொங்குகிற மாலையாகப் போட்டார்கள். நாங்கள் வெயிலில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினோம். அந்த மனிதர் ஏலச்செடியை எந்தக் காலத்தில் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. நான் அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

என் அத்தை ஏலச்செடியைத் தினமும் பார்த்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். விடியுமுன் தெருமுனைக்கு ஜீப்பு வரும். உள்ளே கொள்கிற கூட்டத்தைப்போல இரண்டு மடங்கு பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளாப் பக்கத்து எஸ்டேட்டில் காய் எடுக்கக் கொண்டுபோய் விடும். ஆள் சேர்த்து ஏற்றிப் போகிற கங்காணி எங்கள் தெருக்காரர்தான். அந்த ஜீப்பில் இடம் இருக்கிறவரைக்கும்தான் எங்கள் வீட்டிலும் அத்தைக்கு இடம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும், அத்தைக்கு எல்லாரையும்விட நன்றாகவே தெரியும்.

அந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது அம்மா பாயசத்துக்குச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய்க்கு மட்டும் கடையில் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். அந்த எரிச்சல் அத்தைமேல் விழுந்தது.

“நாள் பூரா காய்க்குள்ளயே கெடந்துட்டு வர்ற. ஒரு பாயசத்துக்கு நாலு காயி கொண்டார முடியல ஒன்னால.”

“தூக்குவாளியத் தொறந்து பாத்துட்டுத்தேன் ஜீப்புல ஏத்துறாக, மதினி.”

“ஆமா, ஊருல ஒருத்தியும் கொண்டாரலயாக்கும்” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மலையில் நடந்தது எனக்கு ரொம்ப வருடம் கழித்து, அதே ஜீப்பில் போய்வந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரியும். அத்தை மத்தியானம் பாதிச் சோற்றைச் சாப்பிடாமல் வைத்து, அதற்கடியில் ஒரு கைப்பிடி பச்சைக் காயைப் புதைத்திருக்கிறாள். காலையிலிருந்து குனிந்து காய் எடுத்தவள் எவளாவது சோற்றை மிச்சம் வைப்பாளா? சாயங்காலம் தூக்குவாளியைத் திறந்ததும் கங்காணி சோற்றைப் பார்த்தார், உடனே உள்ளே கையை விட்டார். திருடத் தெரியாதவள் திருடினால் வேறு எப்படி இருக்கும்!

போலீசெல்லாம் வேண்டாம், மற்றவர்களுக்குப் புத்தி வருகிற மாதிரி ஒன்று செய்வோம் என்றாராம் எஸ்டேட்டுக்காரர். கோணி ஊசியும் சணலும் வந்தன. ஜீப்பில் அத்தையோடு தொடை இடிக்க உட்கார்ந்து போகிற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் காய்களைக் கோத்தார்கள். கோக்காதவளுக்கு மறுநாள் சோலி கிடையாது. ஒரு கைப்பிடிக் காயில் எவ்வளவு பெரிய மாலை வந்துவிடும்? கழுத்தைச் சுற்றி நெஞ்சுக்குழி வரை வந்தது, அவ்வளவுதான்.

“இதக் கழட்டாம தெருவழியா வீடு வரைக்கும் நடந்து போயிரு தாயி. காலையில ஜீப்புல ஒனக்கு எடம் இருக்கு. நான் பொறுப்பு” என்று கங்காணி சொல்லியிருக்கிறார். அந்த வாக்கை நம்பித்தான் அத்தை கழுத்தை நீட்டினாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் நான் கண்டது மட்டும். பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஜீப்பு நின்றது. அத்தை இறங்கி வருகிறாள், கழுத்தில் ஏலக்காய் மாலை!

“எங்க அத்தைக்கு மாலை போட்டுட்டாகடோய்!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். கைதட்டினேன். என்னைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தட்டினார்கள். வாசல்களில் நின்ற பெரியவர்கள் மட்டும் ஏன் தட்டவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அவள் என் விரல்களை வலிக்கும்படி இறுக்கினாள். பின்னாலேயே வந்த கங்காணி செல்போனை எடுத்து, “அப்பிடியே ஒரு நிமிசம் நில்லுங்க” என்றார். நான் பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்தேன். அத்தை தரையைப் பார்த்தாள்.

அம்மா வாசலில் நின்றாள். மாலையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ‘நாந்தேன் கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை அவள் கங்காணியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இருந்தாலும் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அப்பா வந்தார், தங்கையைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

காலையில் ஜீப்பு நிற்கவில்லை. அத்தை தூக்குவாளியோடு பின்னால் கொஞ்சதூரம் ஓடினாளாம். அடுத்த நாள் வேறு ஜீப்புகளையும் கைகாட்டிப் பார்த்தாள். ஓட்டுகிறவர்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். அந்தப் படம் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கங்காணி வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, “நான் என்னத்தா செய்யட்டும், மேல உள்ளவுக ஒத்துக்கிற மாட்டேங்கிறாக” என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைக்கவில்லை.

தீபாவளி கழிந்தும் அத்தை விடாமல் போய் நின்றுகொண்டிருந்தாள். ஒருநாள் எனக்கு முழிப்பு வந்து நானும் அவள் பின்னாலேயே போய்விட்டேன். பனி கொட்டியது. ஜீப்புகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின.

“ஏன் அத்தை ஒன்னும் நிக்க மாட்டேங்குது?”

“எல்லாம் ரொம்பிருச்சு ஆத்தா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே!

“ஒனக்கு எதுக்கு அத்தை ஜீப்பு? மாலை போட்டவுகளுக்கெல்லாம் காருதேன் வரும்.”

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். “வரும் ஆத்தா, வரும்” என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் தெருமுனைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே கிடந்தாள். கொஞ்ச நாளில் மில் வேலைக்கு ஆள் எடுக்கிற யாரோடோ திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். போனவள் திரும்பவே இல்லை. அவளைத் தேடி எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவும் இல்லை.

நான் மட்டும் அதற்குப் பிறகும் சில நாள் விடியுமுன் எழுந்து தெருமுனையில் போய் நின்றேன். கார் வரும்போது ஆள் இல்லையென்று திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது.