குகைக்காரர் விட்ட சரடு

குகைக்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். கடலோரக் குகையைச் சுற்றிக் காட்டுவது வேலை. ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பாறையைக் குடைந்தது அலை; சுவரில் இருப்பவை எந்தக் காலத்திலோ ஒதுங்கிய மாலுமிகள் கீறிய படகுகள். வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். செருப்பு நனைந்துவிட்டது என்று அவரையே முறைத்தார்கள். மனுஷன் எத்தனை நாள் பொறுப்பார்? ஒருநாள் கடுப்பில் ஒரு சரடு விட்டார்.

"கடலுக்குப் போனவங்க திரும்பலைன்னா, வீட்டுப் பொம்பளைங்க இங்க வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. குகை திருப்பிச் சொன்னா ஆள் உயிரோட இருக்கார்னு அர்த்தம். காலங்காலமா இருக்கிற பழக்கம்."

அந்தக் குகை தும்மினாலும் திருப்பித் தும்மும். ஆனால் கூட்டம் வாயைப் பிளந்தது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதைக்குக் கைகால் முளைத்து, வாசலில் பலகையாகவும் ஏறிவிட்டது. குகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒருநாள் அவர் மைத்துனன் போன படகு கவிழ்ந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்காவான இவர் மனைவி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. அவன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. அழுது ஓய்ந்தவள் நேரே குகைக்குள் போய்த் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குகை சும்மா இருக்குமா? திருப்பிச் சொன்னது. அதிலிருந்து தினமும் போனாள். நீர் ஏறும்போது உள்ளே இடுப்பளவுக்குத் தண்ணீர் சுழலும், அப்போதும் போனாள். வந்தவர்கள் அவளைப் படம் பிடித்தார்கள்.

"அண்ணே, இப்பல்லாம் அண்ணியைப் பாக்கத்தான் கூட்டமே வருது" என்றான் டிக்கெட் கொடுப்பவன். பாராட்டாகத்தான் சொன்னான், பாவி. குகைக்காரருக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. தன்னையும்தான்.

ஒருநாள் அலை அவளைப் பாறையில் சாய்த்துவிட்டது. முழங்கை கிழிந்து வீடு வந்தாள். பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தபடியே அவர் உடைத்துச் சொன்னார்.

"இனிமே போகாதே. உன்னையும் கடலுக்குக் கொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பழக்கமெல்லாம் நான் கட்டிவிட்ட கதை. சத்தியமாப் பொய்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "தெரியும். நான் இந்த ஊர்லயே பொறந்தவ. எங்கப்பாவும் கடல்லதான் போனார். எங்கம்மா எந்தக் குகைக்குப் போனா?"

"தெரிஞ்சுமா போறே?"

"வீட்டுல அவன் பேரை எடுத்தா நீங்க எழுந்து வெளியே போயிடுறீங்க. அங்க கூப்பிட்டா இன்னொரு குரல் அவன் பேரைச் சொல்லுது. என் குரல்தான். இருந்தாலும் வேற யாரு சொல்றா?" அவர் முகத்தையே பார்த்தாள். "ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்க. நான் போகலை."

ஊரையே பேசி மயக்கிய வாய் திறந்தது. பெயர் வரவில்லை. பஞ்சை மேசைமேல் வைத்தார். நேரமாகிவிட்டது, ஆட்கள் காத்திருப்பார்கள் என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரம் கழித்து, அவளும் கதவைச் சாத்திக்கொண்டு குகைப் பக்கம் இறங்கினாள்.