பைபாஸ் ரோட்டில் நின்ற வள்ளம்

கடலை விட்டு வந்தது என் முடிவு இல்லை. ஒரு புயலில் இரண்டு நாள் கரை திரும்பாமல் கிடந்தேன். திரும்பியதும் என் கையைப் பிடித்து மகளின் தலையில் வைத்து, இனிக் கடலுக்குப் போவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள் மனைவி. பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை எவன் மீறுவான்? என் மரவள்ளத்தைப் பட்டுக்கோட்டை பைபாஸில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வாங்கினார். வள்ளத்துக்குள்ளேயே மேசை போட்டு, ஆட்களை உட்காரவைத்துச் சோறு போடுவாராம். அதைச் செப்பனிடவும் என்னையே கூப்பிட்டார். வேறு போக்கிடம் ஏது? வள்ளத்தோடு நானும் லாரியில் ஏறினேன்.

சுற்றிலும் தென்னந்தோப்பு. காற்று வரும், உப்பு வராது.

"பாக்க அழகா இருந்தா போதும்ணே, பெயிண்ட் அடிச்சு விடுங்க" என்றார் முதலாளி. நான் கேட்கவில்லை. உளுத்த பலகைகளை மாற்றினேன். பலகைச் சந்துகளில் பஞ்சைத் திரித்து அடைத்து, தண்ணீர் புகாதபடி குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். தரையில் நிற்கப்போகும் வள்ளத்துக்கு இது எதற்கென்று கேட்க அங்கே யாருக்கும் விவரம் பத்தாது. ஓட்டல் எப்படியும் நொடித்துப்போகும், வள்ளம் என்னிடமே வரும், சத்தியத்துக்குக் கோயிலில் ஏதாவது பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. வெட்கம் கெட்ட ஆசைதான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டலின் தகரக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் முழுக்க வள்ளத்துக்குள் இறங்கியது. ஒரு சொட்டு கீழே கசியவில்லை. உள்ளே முழங்கால் ஆழம், ஸ்டூல்கள் மிதந்தன. பாவி மனுஷன், எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்னண்ணே, தொட்டியா கட்டச் சொன்னேன்? அடியில நாலு ஓட்டை போடுங்க, மழை பேஞ்சா ஓடிப்போயிரும்" என்றார் முதலாளி.

"நான் இறைச்சு விட்டுடுறேன் தம்பி."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

ஊரிலிருந்து பஸ்ஸில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளும் கடற்கரையில் பிறந்தவள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அடிப்பலகைச் சந்தை விரலால் தடவினாள். குங்கிலியப் பிசுக்கு விரலில் ஒட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ள தலையில கை வச்சீங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

உளியையும் சுத்தியலையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். வள்ளத்தின் அடியில் மல்லாந்து படுத்து அடித்தேன். பலகை லேசில் விடவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். கடைசியில் உளி உள்ளே போனதும் தண்ணீர் என் முகத்தில் கொட்டியது.

"இன்னும் மூணு" என்றாள்.