அப்புறம் அக்காவின் நாலாவது நாவல்

நாவல் எழுதுகிறவர்களைக் கண்டால் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்குக் கதை எங்கிருந்து கிடைக்கிறது? வாசகர் கூட்டங்களில் யாராவது இதைக் கேட்டால் நம் அக்கா கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "வாழ்க்கையிலேர்ந்துதான்" என்பாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வரும். அவருக்கு உண்மை தெரியும். அக்காவுக்குக் கதை கிடைப்பது லிஃப்ட்டிலிருந்து.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பதறிப்போய் ஒரு பொத்தானை அமுக்குவார்கள் அல்லவா, அந்த மணி அவள் மேஜையில்தான் அடிக்கும். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு போன், சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்க் கதவைத் திறக்கிற வரைக்கும் மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், போனை வைக்கக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம். அதை வைத்து ஒருத்தி மூன்று நாவல் எழுதுவாள் என்று போட்டவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கத்துவார்கள். பிறகு கம்பெனியின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அதுவும் அலுத்துப்போனதும் பேச ஆரம்பிப்பார்கள். முகம் தெரியாத ஒரு பெண்குரல் கனிவாக "அப்புறம்?" என்று கேட்டால், மனைவியிடமும் மேலதிகாரியிடமும் மறைத்ததெல்லாம் தானாக வெளியே வரும். தன் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு பல் டாக்டர் பாதியில் மாட்டிக்கொண்டு, "மெக்கானிக்கை மெதுவாவே வரச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்று கெஞ்சியிருக்கிறாள். அவள்தான் அக்காவின் முதல் நாவலின் கதாநாயகி. பல் டாக்டரைக் கண் டாக்டராக மாற்றியது ஒன்றுதான் அதில் அக்காவின் சொந்தக் கற்பனை. மெக்கானிக்குகள் அவளுக்கு "அப்புறம் அக்கா" என்று பேர் வைத்திருந்தார்கள், முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எழுதுவது என்னவோ காலையில், சமையலறை மேஜையில், ஒரு பக்கம் பால் பொங்கி வழிய. சாயங்காலம் கணவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுவாள். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை, நாள் பூராவும் நின்றுவிட்டு வருகிறவர். எந்த இடத்தில் குறட்டை கிளம்புகிறதோ அந்தப் பக்கத்தை மறுநாள் கிழித்துவிடுவாள். அவர் ஒரு முழு அத்தியாயத்துக்கு விழித்திருந்தால் அது நல்ல அத்தியாயம். இலக்கிய உலகில் இதைவிட நேர்மையான விமர்சகர் கிடையாது என்பது அவளுடைய கணிப்பு. தூங்குகிறவருக்கு முகஸ்துதி தெரியாது என்பாள்.

நாலாவது நாவலின் விதை ஒரு மத்தியான வேளையில் விழுந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடுத்தர வயது தாண்டிய ஆண்குரல் ஒன்று மாட்டிக்கொண்டது. கத்தவில்லை, திட்டவில்லை, மூச்சு மட்டும் வேகமாக வந்தது. அக்கா வழக்கம்போல வாயைப் பிடுங்கினாள். ஆறாவது மாடியில் அவருடைய அண்ணன் வீடாம். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். இளம் வயதில் தூர தேசத்தில் நல்ல வேலை கிடைத்ததாம், போகக் கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டாராம், பெரிய சண்டையாம், வீட்டை விட்டே துரத்திவிட்டாராம்.

"அப்புறம்?"

"இன்னிக்குத்தான் மறுபடி அவர் வாசலுக்குப் போறேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"அது வந்து..."

கதவு திறந்துவிட்டது. போன் அறுந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு அங்கே போனவர் "ஆமை" என்று பேரெடுத்த மெக்கானிக். எங்கே அனுப்பினாலும் டீ குடித்துவிட்டு, வழியில் தெரிந்தவரிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகிற ஆள். அந்த ஒரு நாள் பக்கத்துத் தெருவிலேயே இருந்து தொலைத்திருக்கிறார். திரும்பி வந்து, பாராட்டு கிடைக்கும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்கு இப்படி விழுந்தடிச்சுப் போனீங்க?" என்று சீறினாள் அக்கா.

"வேகமா போனாலும் தப்பா, அக்கா?"

"போறதுதான் போறீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திறந்தா என்ன?"

ஆமை அதன்பிறகு வேகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கேள்வி கிடைக்காவிட்டால் போகட்டும், கதை கிடைத்ததே என்று அக்கா எழுத உட்கார்ந்தாள். எழுத்து மளமளவென்று ஓடியது. கணவர் இரண்டு அத்தியாயத்துக்குச் சேர்ந்தாற்போல விழித்திருந்தார், அது சரித்திரத்தில் நடக்காத காரியம். கடைசி அத்தியாயத்தில் தம்பி படியேறி வந்து அண்ணன் வீட்டுப் பெல்லை அழுத்தினான். அங்கேயே நின்றான். அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மண்டையை உடைத்துக்கொண்டாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதினாள், கணவர் குறட்டை விட்டார். அண்ணன் இறந்துபோனதாக எழுதினாள், அதற்கும் குறட்டைதான். ஆமையிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் யோசித்துவிட்டு, "கேள்வி கேக்கறேன்னு வந்தவன் கேக்காம அழுதா, படிக்கறவன் நம்மளைத்தான் கேப்பான், அக்கா" என்றார். உருப்படியாக அவர் செய்த ஒரே பழுதுபார்ப்பு அதுதான்.

பதிப்பாளர் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அட்டை அச்சாகிவிட்டது, அட்டையில் மூடிய கதவு ஒன்று. விளம்பரமும் வந்துவிட்டது. "உங்க தம்பி பெல் அடிச்சிட்டு மாசக்கணக்கா நிக்கறான். அவனுக்குக் கால் வலிக்குதோ இல்லையோ, எனக்குத் தலை வலிக்குது. இந்த மாசக் கடைசிக்குள்ள தரலேன்னா இனிமே எதுவுமே தர வேண்டாம்" என்று போனில் சொல்லிவிட்டார். அந்த அம்மாவை விட்டால் அக்காவின் எழுத்தை அச்சுப் போட இந்த உலகத்தில் நாதி கிடையாது. காலையில் எழுந்து எழுத ஒன்றும் இல்லாத ஒரு வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, உண்மையிலேயே பயமாக இருந்தது.

போனில் கேட்டது போனோடு போக வேண்டும், யாரையும் தேடிப் போகக் கூடாது என்பதும் கம்பெனியின் சட்டம்தான். அந்தச் சட்டத்தை வார விடுமுறை நாளில் மீறினாள். கட்டடம் தெரியும், ஆறாவது மாடி தெரியும். கையில் ஒரு பைலை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். லிஃப்ட்டில் ஏறவில்லை. அதன் பராமரிப்பு லட்சணம் அவளுக்குத் தெரியும்.

கதவைத் திறந்தவருக்கு வெள்ளை மீசை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரின் பார்வை. லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்திருப்பதாகவும், உங்களைப் பார்க்க வந்த தம்பி அன்றைக்கு மாட்டிக்கொண்டாரே, அதைப் பற்றி விசாரிக்க வந்ததாகவும் சொன்னாள்.

"என்னைப் பாக்க வந்தானா? அவன் இங்கதானே இருக்கான்" என்றார் பெரியவர். "டேய், லிஃப்ட்டுக்காரங்க வந்திருக்காங்க."

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு சின்னவர் வந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற, சாதுவான மனிதர். அக்கா "வணக்கம்" என்றதுமே அவருக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இத்தனை வருஷமும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள், ஒரு நாளும் சண்டை போட்டதில்லை என்ற விவரம் டீ வருவதற்குள் வெளிவந்துவிட்டது.

"அப்ப நீங்க எங்கிட்ட சொன்னது?"

சின்னவர் அசடு வழிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எனக்கு மூடின இடம்னாலே ஆகாது, உயிரே போற மாதிரி இருந்துச்சு. நீங்க விடாம அப்புறம் அப்புறம்னு கேட்டீங்க. பேச்சு நின்னா நீங்க போனை வச்சிடுவீங்களோன்னு பயம். சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வாயில வந்ததைச் சொன்னேன்."

"அந்தக் கேள்வி?"

"அதையும் யோசிக்கறதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க. நல்லவேளை, நானே திண்டாடிட்டு இருந்தேன்."

அக்காவுக்கு வந்த ஆத்திரம் ஏமாந்ததற்காக அல்ல. காலங்காலமாக மேஜையைத் தேய்த்தும் தன்னால் சொந்தமாக ஒரு கதை கட்ட முடியவில்லை, மாத்திரை எண்ணிக் கொடுக்கிற மனிதர் மூச்சு முட்டிக்கொண்டே கட்டிவிட்டாரே என்கிற பொறாமை. அந்த எரிச்சலில் உண்மையைக் கக்கிவிட்டாள்: தான் நாவல் எழுதுகிறவள், அந்தக் கதையைத்தான் எழுதியிருக்கிறாள், முடிவு கிடைக்காமல் வந்திருக்கிறாள்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதையைச் சொல்லுங்க, கேப்போம்."

சொன்னாள். கேட்கக் கேட்க அவர் மீசை துடித்தது. "நான் அவனை வீட்டை விட்டுத் துரத்தினேனா?"

"நீங்க இல்ல சார், கதையில வர்ற அண்ணன்."

"அவருக்கு மீசை உண்டா?"

அக்கா மென்று முழுங்கினாள். "உண்டு."

"வெள்ளையா?"

"இப்பதான் நரைக்குது."

"நல்லா இருக்கு" என்று தம்பியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "ஊர்ல எத்தனையோ கதை இருக்கேடா. உயிர் போற பயத்துல உனக்கு என்கூடச் சண்டை போட்ட கதைதான் தோணுச்சா?"

சின்னவர் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை கிடைச்சது நிஜந்தானே, அண்ணா."

"நீயாத்தானே வேண்டாம்னே? நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லல. சாப்பிடாம இருந்தே. ரெண்டு நாள் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தே. நான் போகலைன்னு சொன்னதும் எழுந்து குளிச்சே."

அக்காவின் வாயில் அந்த ஒரு சொல் வந்து முட்டியது. வாழ்நாளில் முதல்முறையாக அதை விழுங்கினாள், கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் துக்கத்தை வாங்கி விற்றவளுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவள் கேட்காமலே, சின்னவர் தானாக அண்ணனிடம் கேட்டார். "நான் அன்னிக்குப் போறேன்னு நின்னிருந்தா, நீ என்ன பண்ணியிருப்பே, அண்ணா?"

அந்தக் கேள்விதான். அக்காவுக்குப் புல்லரித்தது. லிஃப்ட்டில் கிடைக்காதது இத்தனை மாதம் கழித்து ஒரு சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "விட்டிருக்க மாட்டேன்டா" என்றார். "நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில படுத்திருப்பேன். உன்னை விட்டா எனக்கு யாரு?"

சின்னவர் தலையை ஆட்டினார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் எதையோ கழுவிக்கொண்டிருந்தார்.

பெரியவர் மாடிப்படி வரைக்கும் வந்து வழியனுப்பினார். இரண்டு படி இறங்கியவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "எழுதுவீங்கதானே?"

"நீங்க வேண்டாம்னா எழுதல, சார்" என்றாள். முழுப் பொய். எழுதாமல் அவளால் இருக்க முடியாது.

"எழுதுங்க. கேள்வி அவனோடது, அப்படியே இருக்கட்டும். என் பதிலை மட்டும் மாத்திடுங்க. நீ போயிருக்கணும்டா, நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்னு அண்ணன் சொன்னதா எழுதுங்க. அவன் படிப்பான்."

அப்படியே எழுதினாள். கணவருக்கு வாசித்துக் காட்டினாள், அவர் கடைசி வரிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். அந்தப் பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வந்தது.

"எல்லாம் பிரமாதம். முடிவுதான் ஒட்டல. கதை பூரா அந்த அண்ணனைப் பாத்திருக்கோம். அவர் வாயில இப்படி ஒரு பதில் வருமா?"

"வராதுங்க" என்றாள் அக்கா.

"உங்களுக்கே தெரியுதே. அப்ப மாத்திடுங்க."

"இல்லங்க, இருக்கட்டும். அண்ணன் கேட்டுக்கிட்டாரு."