ஹாக்கிக்குப் போன மீசை

என் தாய்மாமாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை. கல்லூரியில் ஹாக்கி கோல்கீப்பராக இருந்தவர். ஊரே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்க, ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி எட்டுத் தங்கம் வாங்கிய கதையை அலுக்காமல் சொல்வார். கடைசித் தங்கம் வந்தபோது நீ தொட்டிலில் கிடந்தாய் என்று அப்பா அவரைக் கிண்டல் செய்வார்.

நான் நாலாவது படித்த வருடம், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே அணி ஆடவேண்டியிருந்தது. தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக மாமா அப்பாவிடம் பந்தயம் கட்டினார். கடைசி ஆட்டத்தில் பிரிட்டனிடம் தோற்றோம். எண்பது வருடங்களில் முதல் முறையாக, நம் ஹாக்கி அணி இல்லாமல் ஒரு ஒலிம்பிக்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலத்தில் மாமாவுக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப் போயிருந்தன. காலையில் மழமழவென்ற முகத்தோடு வந்து நின்றார் மாமா. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் பக்கம் பெற்றவர்கள் இறந்தால்தான் மீசையை எடுப்பார்கள். விளையாட்டுக்குப் பேசியதை இப்படியா எடுத்துக்கொள்வது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

பெண்ணின் அப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா?"

நான் முந்திக்கொண்டேன்.

"ஹாக்கியில இந்தியா தோத்துப்போச்சுங்க, ஒலிம்பிக்குக்குப் போக முடியாதுங்க. அதுக்குத்தான் மாமா மீசைய எடுத்துப்போட்டாருங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். இப்படி ஒருவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மாமா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காபித் தட்டோடு வந்த பெண் அவர் முன்னால் நின்றார்.

"எத்தன கோலுங்க?"

மாமா நிமிர்ந்தார். "ரெண்டுங்க. நாம ஒண்ணுகூடப் போடலீங்க."

"அடுத்த தடவ போயிருவாங்க" என்று சொல்லிவிட்டுக் காபியை நீட்டினார்.

அவரே என் அத்தையானார். அணியும் அடுத்த ஒலிம்பிக்குக்குப் போனது. போய், ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. நானும் மாமாவும் டிவி முன்னால் ஒன்றுவிடாமல் பார்த்தோம். அத்தை ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நடுவில் வந்து, கோல்கீப்பர் காலில் எதற்கு அவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

அன்றைக்கு அவ்வளவு அக்கறையாக விசாரித்தவருக்கு அதற்குள் ஆர்வம் எப்படிப் போனது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்ததோடு சரி. அத்தை அன்று கேட்டது ஹாக்கியைப் பற்றித்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.